மோசின் நாகான்ட் போல்ட் இறுகினால் சுத்தியலை எடுக்காதீர்கள்

போன வாரம் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ஒரு பழைய ரஷ்ய ரைஃபிள், மோசின் நாகான்ட், வாங்கிட்டேன், 450 டாலர். பத்துப் பதினஞ்சு ரவுண்டு சுட்டதும் போல்ட்டைத் தூக்கவே முடியல. கடைக்காரர் ரப்பர் சுத்தியலால தட்டச் சொல்றார். உங்ககிட்டயும் இதே ரைஃபிள்தானே? தட்டலாமா?"

தட்டக் கூடாது. இதே யோசனையைக் கேட்டு நான் மூன்று வருடம் வீணாக்கியிருக்கிறேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். போல்ட் என்பது குழலின் பின்பக்கத்தை அடைக்கும், கைப்பிடி வைத்த இரும்புத் துண்டு. ஒவ்வொரு முறை சுட்டதும் அதைத் தூக்கி இழுத்தால்தான் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வரும்.

என்னுடையது 1943இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த 91/30 மாடல் மோசின். முக்கோணத்துக்குள் அம்பு போட்ட முத்திரை இன்றும் தெளிவாக இருக்கிறது. 2012இல் இங்கே டெக்சாஸில் 119 டாலருக்கு வாங்கினேன். அப்போது கடையில் விறகு அடுக்கியது போல வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். 440 தோட்டா அடைத்த தகர டப்பா ஒன்றையும் சேர்த்து வாங்கி வந்தேன். எடை, நீளம், ஐந்து தோட்டா மேகசின் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேராகப் போல்ட்டுக்கு வருகிறேன்.

முதல் நாள் சுடுதளத்தில் பத்துத் தோட்டா வரை ஒரு குறையும் இல்லை. பதினைந்தாவதில் கைப்பிடி நட்டுவைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழிருந்து மேலே குத்திக் குத்தித்தான் திறந்தேன். இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்தது. பக்கத்து பெஞ்சுக்காரர் ஒரு மரக்கட்டையை நீட்டி, "மோசின்னா அப்படித்தான்" என்றார். கடையில் கேட்டேன், அதே பதில். கேட்ட இடத்திலெல்லாம் அதே பதில்தான்.

அப்படி இல்லை. இந்த ரைஃபிள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. உறைபனியில் கையுறையோடு கிடந்த சிப்பாய்கள் இதை வைத்துச் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டையால் அடித்துத் திறக்க வேண்டியிருந்தால் எந்தப் படை இதை வைத்துக்கொண்டிருக்கும்? இந்த ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ள மூன்று வருடம் ஆனது.

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு போல்ட்டைத் திறந்து மூடுங்கள். காலியாக இருக்கும்போதே இறுக்கமாக இருந்தால் கோளாறு போல்ட்டில். ஒன்று உள்ளே பழைய கிரீஸ் உறைந்திருக்கும், இல்லையென்றால் உரசும் இடத்தில் பிசிறு இருக்கும். காலியில் லேசாக ஓடி, சுட்ட பிறகு மட்டும் இறுகினால் கோளாறு சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில். என்னுடையது இரண்டாவது வகை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ரைஃபிளான லீ என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளும்போது, ஊசியைத் தள்ளிச் சுட வைக்கும் ஸ்ப்ரிங் இறுகும். மோசினில் கைப்பிடியைத் தூக்கும்போதே இறுகும். சுட்ட தோட்டாவின் கூட்டை அறையிலிருந்து பெயர்ப்பதும் அதே அசைவுதான். ஆக ஒரே தூக்கலில் இரண்டு வேலை, அதைச் செய்யக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கைப்பிடி. கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பது அதன் அமைப்பு. கட்டை கேட்பது அமைப்பு அல்ல, அழுக்கு.

அந்த அழுக்கின் பெயர் காஸ்மோலின். போருக்குப் பிறகு இந்த ரைஃபிள்களைப் பழுதுபார்த்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கெட்டியான கிரீஸைப் பூசிக் கிடங்கில் அடுக்கினார்கள். வாங்கியதும் நாம் வெளியே துடைக்கிறோம், குழலுக்குள் நாலு துணி விட்டு எடுக்கிறோம். சேம்பர் குழலைவிட அகலம், அதனால் குழலுக்கான பிரஷ் அதன் சுவரைத் தொடாமலே போய்விடுகிறது. அங்கே படிந்தது ஐம்பது, அறுபது வருடமாகக் காய்ந்து வார்னிஷ் மாதிரி பளபளக்கிறது, பார்த்தால் சுத்தமான இரும்பு போலவே தெரியும். பதினைந்து தோட்டா சுட்டுக் குழல் சூடானதும் அது இளகிப் பசையாகிறது. தோட்டாவின் கூடு பித்தளை என்றால் சுட்டு முடித்ததும் கொஞ்சம் சுருங்கி விலகிக்கொள்ளும். எஃகு அந்த அளவுக்குச் சுருங்காது. எண்ணெய் பழகாத கல்லில் தோசை பிடித்துக்கொள்வது மாதிரி பிடித்துக்கொள்கிறது. தோட்டா மேல் பூசிய அரக்கு உருகி ஒட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். என் டப்பாவில் இருந்தவை செம்பு முலாம் பூசிய எஃகுக் கூடுகள். அரக்கே கிடையாது, ஆனாலும் ஒட்டின.

செய்தது இதுதான். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, விசையை அழுத்திப் பிடித்தபடி வெளியே உருவினேன். ஷாட்கன் குழல் தேய்க்கும் வெண்கலப் பிரஷ் ஒன்றை கிரீஸைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பியோடு டிரில்லில் மாட்டி, பின்பக்கமாகச் சேம்பருக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினேன். ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால் பிரஷ் முழுக்கக் கருப்பட்டிப் பாகு நிறத்தில் பிசுபிசுப்பு. துடைத்தேன், மறுபடி விட்டேன், மறுபடி அதே நிறம். ஏழெட்டு முறைக்குப் பிறகுதான் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. மூன்று வருடம் ரைஃபிளைத் திட்டியிருக்கிறேன், அது பாவம், யாரோ பூசிய கிரீஸைச் சுமந்துகொண்டிருந்தது. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். அது அழுக்கோடு இரும்பையும் தின்னும், சேம்பர் அளவு மாறிப்போனால் திரும்ப வராது.

போல்ட்டையும் அப்படியே கழற்றிக் கொதிக்கும் வெந்நீரில் போட்டேன். எண்ணெய்ப் படலம் மேலே மிதந்தது. காயவைத்து, லேசாக எண்ணெய் தடவிச் சேர்த்தேன். சேர்த்த பிறகு, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை அடிக்கிற ஊசியின் நீட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரைஃபிளோடு வரும் சின்னத் திருப்புளியில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். ஊசி முனை 75இல் இடிக்க வேண்டும், 95இல் படாமல் போக வேண்டும். அதிகம் நீண்டால் பிரைமர் ஓட்டையாகிச் சூடான வாயு பின்னால் வரும். போல்ட்டின் எண்ணும் குழலின் எண்ணும் வேறு வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸையும், அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே விடும் இடைவெளியையும், அதற்கான அளவுக் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். கூடு விரிசல் விட்டாலோ பிரைமர் துளைபட்டாலோ அது காஸ்மோலின் விஷயமே அல்ல. சுடுவதை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள்.

அடுத்த வாரம் சுடுதளத்தில் நாற்பது தோட்டா சுட்டேன். நாற்பதுக்கும் இரண்டு விரலால் தூக்கினேன். கூடு தானாகத் தெறித்து விழுந்தபோது வந்த சந்தோஷம் சின்னதல்ல. இப்போதும் அறுபதைத் தாண்டிக் குழல் கொதித்தால் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சேஃப்டி போடப் பின்குமிழை இழுத்துத் திருப்ப வேண்டும். இன்றுவரை விரல் நோகிறது, அதற்கு வைத்தியம் இல்லை. மரக்கட்டையின் பின்முனையில் உள்ள தட்டையான இரும்புத் தகடு தோளில் இடிக்கும். பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் உப்பை விட்டுப் போகும், அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தோட்டா விலையும் அன்றைக்கு மாதிரி இல்லை. 2021இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்கா புது அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. என் கடைசி டப்பாவை இப்போது எண்ணி எண்ணிச் சுடுகிறேன்.

ஆனால் கையில் எடுத்தால் எல்லாம் மறந்துவிடுகிறது. ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) மேல் கடைசல் தடம் அப்படியே தெரியும். 1943இல் மெருகேற்ற நேரமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒரு குறை இல்லை. நூறு கெஜத்தில் கையகலத்துக்குள் விழுகிறது. ஸ்டாலின்கிராட் போரில் புகழ்பெற்ற சோவியத் ஸ்னைப்பர் வாசிலி சைட்சேவ் கையில் இருந்ததும் இந்த 91/30தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி, "அப்போ நல்ல ரைஃபிள்தானே?" என்றார். நல்ல ரைஃபிள். 450 டாலருக்கு வாங்காதீர்கள். 119க்குப் பொறுத்துக்கொண்ட சேஃப்டியையும் தோள்வலியையும் இந்த விலைக்குப் பொறுக்க வேண்டியதில்லை. சேம்பரைக்கூடத் துடைக்காமல் அந்த விலை சொல்லி, கூடவே சுத்தியலையும் சிபாரிசு செய்த கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"அப்படின்னா திருப்பிக் கொடுத்திடவா அண்ணே?"

வேண்டாம் என்றேன். சனிக்கிழமை காலையில் ரைஃபிளையும், சுட்ட கூடுகளில் நாலைந்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பிரஷும் ஸ்பிரிட்டும் என்னிடம் இருக்கின்றன.