வலயம் மாற்றித் தருகிறோம் என்று 385,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள் – மட்டக்களப்பில் காணி வைத்திருப்பவர்கள் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம்தான் மாநகர சபையில் இருந்து அந்தக் கடிதம் தபாலில் வந்தது. ஆறப்போட்டு எழுதுங்க என்று மனைவி சொன்னா. ஆறப்போட்டால் இதை எழுதவே மாட்டேன். வீடுகளுக்கு என்று ஒதுக்கிய வலயத்தில் இருக்கிற காணியை வர்த்தக வலயமாக்கித் தாறம் என்ற பேச்சை நம்பிப் போனது 385,000 ரூபாய். மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம். அதில் பாதிக்கு மேல் அவவின் நகையை அடகு வைத்து எடுத்த காசு.

பெயர் போடவில்லை. பொலிஸில் முறைப்பாடு கிடக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. நகரத்துக்குள் ஒரு மாடியில் இருக்கும் கந்தோர். வீட்டு பிளான் கீறுவது, வங்கிக் கடனுக்கு மதிப்பீடு, "சகல அனுமதிகளும் பெற்றுத் தரப்படும்" என்று பலகையில் எழுதியிருக்கும். இப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு, எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டு பிளானைக் கீறித் தந்தவர் இன்றைக்கும் சோலி சுரட்டு இல்லாத மனிதர். ஆனால் "வலயம் மாற்றித் தாறம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் அலுமினியம் பொருத்து வேலை செய்கிறவன். திருகோணமலை வீதியில் வாடகைக் கடை. முதலாளி வருசத்துக்கு வருசம் வாடகையை ஏற்றுகிறார். மனைவியின் சீதனக் காணி ஊறணிப் பக்கம் உள் ஒழுங்கையில் 18 பேர்ச் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு கொட்டகையைப் போட்டுத் தொழிலைக் கொண்டுபோவோம் என்று யோசித்தேன். பக்கத்து வளவுக்காரர்தான், "இது குடியிருப்பு வலயம், பட்டறை போட விடமாட்டாங்க, முதல்ல விசாரிச்சுப் பாருங்க" என்றார். விசாரிக்கத்தான் அந்தக் கந்தோருக்குப் போனேன்.

முதல் நாள் அந்தக் கந்தோர்க்காரன் காசு கேட்கவில்லை. இதைக் கவனியுங்கள். நான் பேர்ஸை எடுத்தபோது கையைப் பிடித்து, "அண்ணன், வேல நடக்குமோ நடக்காதோ எண்டு பாக்காம நான் ஒரு சதமும் வாங்கமாட்டன். உறுதிக் கொப்பியும் சேர்வே பிளானும் மட்டும் தாங்க" என்றான். சுவரில் பெரிய நிற வரைபடம். அதில் விரலை வைத்து எங்கள் ஒழுங்கையைச் சரியாகக் காட்டினான். வீதி அகலம், வடிகான், கட்டட எல்லைக்கோடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் சரியான விசயங்கள், பொய் இல்லை. போகும்போது தேத்தண்ணி வேறு. வீட்டுக்கு வந்து, "ஒரு நேர்மையான பொடியன் கிடைச்சிருக்கான்" என்று நானே சொன்னேன். மனைவி அதை இப்போது திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறா.

ஒரு கிழமை போக அவனே அழைத்தான். "பாத்திட்டன் அண்ணன். உங்கட துண்ட மட்டும் வர்த்தக வலயமாக்கலாம். திட்டமிடல் குழுவில நம்மட ஆக்கள் இருக்காங்க. அடுத்த கூட்டத்தில வச்சு எடுக்கலாம்." முதலில் கோப்புத் திறக்க 85,000. பிறகு இடப் பரிசோதனை, வரைபடத் திருத்தம் என்று 200,000. கடைசியாக வர்த்தமானியில் போட 100,000. கூட்டிப் பாருங்கள். மூன்று தடவையும் ரசீது தந்தான். மூன்றிலும் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

பிறகு ஒரு நாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சபையின் சீல், கையெழுத்து, இலக்கம், எங்கள் காணியின் சேர்வே பிளான் இலக்கம். "அண்ணன், முதல் கட்டம் பாஸ்!" பக்கத்தின் கீழ்ப் பாதி மட்டும்தான் படத்தில் இருந்தது. அந்தச் சந்தோசத்தில் கொட்டகைக்கு இரும்புக் குழாயும் ஓடர் பண்ணிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவனுடைய சாட்டுகள் தொடங்கின. கூட்டம் தள்ளிப் போயிற்று. குழுவில் ஒருவருக்கு இடமாற்றம். கோப்பு கொழும்புக்குப் போயிருக்கிறது. தேர்தல் வருகிறது, ஒரு கையெழுத்தும் நடக்காது. வெள்ளம் வந்தால் வெள்ளம், போயா வந்தால் போயா. நேரே போனால் கீழே இருக்கும் பிள்ளை, "சேர் சைட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லும். மேலே அவன் தும்முகிற சத்தம் எனக்குக் கேட்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை, சம்பளத்துக்கு இருக்கிற பிள்ளை. அழைப்பை எடுக்கமாட்டான், வட்ஸ்அப்பில் பார்த்த நீலக்கோடு மட்டும் விழும். ஒரு தடவை பெரிய கோபத்தில் குரல் பதிவு ஒன்று போட்டேன். அதற்கு மட்டும் உடனே பதில்: "அண்ணன், இப்பிடிக் கதைச்சா நான் உங்கட கோப்பில கை வைக்கமாட்டன்." என் 385,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே வெருட்டுகிறான்!

அந்த மாடிப்படியில்தான் ஒரு வயதான ஐயாவைச் சந்தித்தேன். வவுணதீவுப் பக்கம். வீதியோரம் இருக்கும் வயல்துண்டை மண் போட்டு நிரப்பிக் கடை கட்ட, "வயலை வலயம் மாத்தித் தாறம்" என்று அவரிடமும் வாங்கியிருக்கிறார்கள். அவர் தொகையைச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வயலை வேறு பாவனைக்கு மாற்ற, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். சபையில் என்ன சீல் குத்தினாலும் அது இல்லாமல் ஒரு டிப்பர் மண்ணும் கொட்ட முடியாது. அது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் அந்த ஐயாவை அங்கேயே பிடித்து நிறுத்தியிருப்பேன்.

கடைசியில் சபையின் யன்னலுக்கு நேரே போனேன். அந்த உத்தியோகத்தர் பத்து நிமிடம் எடுத்து, ஒரு சதமும் கேட்காமல் எல்லாவற்றையும் விளக்கினார். நான் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய ஆலோசனை அங்கே சும்மா கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனமான இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் ஓடுகிறது. எந்தப் பகுதி குடியிருப்பு, எது வர்த்தகம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அபிவிருத்தித் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தை அமைச்சர் அங்கீகரித்து வர்த்தமானியில் போடுவார்கள். அதை மாற்றுவதென்றாலும் அதே வழியால்தான் போக வேண்டும். ஒருவரின் 18 பேர்ச்சுக்காகத் திட்டமிடல் குழு ஒரு புதன்கிழமை கூடி நிறத்தை மாற்றிவிட முடியாது. "தம்பி, அத மாத்துற வேல இந்த மேசையில இல்ல" என்றார் அவர்.

குழு செய்வது வேறு. நீங்கள் கேட்கும் பாவனை அந்த வலயத்தில் அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். சில வலயங்களில் சில பாவனைகளை நிபந்தனையோடு விடுவார்கள். பிறகு வீதி எத்தனை அடி, லொறி வந்து திரும்புமா, வாகனம் நிறுத்த இடம் உண்டா, மழைத்தண்ணி எங்கே போகும், பக்கத்தில் பள்ளிக்கூடமா வீடா, அயலாருக்குச் சத்தமும் தூசும் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வரும். சபை ஆட்களோடு அதிகார சபையின் திட்டமிடல் உத்தியோகத்தரும் இருப்பார். மற்றத் திணைக்களங்களின் சம்மதம் தேவைப்பட்டால் அது வரும்வரை கோப்பு நிற்கும். கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்குக் கிட்ட என்றால் உயர்நீர் மட்டத்தில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களம் வரும். பட்டறை என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு லொறி நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. வெட்டுகிற மெசினின் சத்தத்துக்கு அயலார் எழுதிக் கொடுப்பார்கள், அது நியாயமும்தான். இவ்வளவையும் கேட்டுவிட்டு, எந்தக் குழுவும் இதற்கு ஓம் சொல்லாது என்று எனக்கே விளங்கிவிட்டது. முதல் நாளே அந்தக் கந்தோர்க்காரனுக்கும் இது விளங்கியிருக்கும். சுவரில் வரைபடம் வைத்திருப்பவனுக்கு விளங்காமல் போகுமா?

சரி, அப்போ அந்தச் சீல்? அதற்கு உத்தியோகத்தர் வாயால் பதில் சொல்லவில்லை, எழுதிக் கேளுங்கள் என்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதில்தான் நேற்று வந்தது. பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது, உண்மைதான். சீலும் உண்மையான சீல். ஆனால் விண்ணப்பத்தில் பாவனை என்ற இடத்தில் இருப்பது "தனி வீடு"! குடியிருப்பு வலயத்தில் வீடு கட்டக் கேட்டால் தராமல் இருப்பார்களா? அதன் மேல் பாதியை வெட்டிவிட்டுத்தான் எனக்குப் படம் அனுப்பியிருக்கிறான். சபைக்குக் கட்டிய கட்டணம் சில ஆயிரம் ரூபாய். மிச்சமெல்லாம் அவன் சட்டைப் பையில். வலயம் மாற்றச் சொல்லி ஒரு கடிதம், ஒரு வரி, எந்தக் கோப்பிலும் இல்லை. வர்த்தமானிக்கு என்று வாங்கிய 100,000 எந்த வர்த்தமானிக்குப் போனது என்று அவனிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். இன்று காலை கடிதத்தோடு போனபோது அதிசயமாக ஆள் இருந்தான். வாசித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அண்ணன், ரசீதில என்ன இருக்கு? ஆலோசனைக் கட்டணம். ஆலோசன தந்தாச்சு. அது திருப்பிக் குடுக்கிற சல்லி இல்ல." தேத்தண்ணி தரவில்லை. பொலிஸில், இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்க என்றார்கள். எழுதிக் கொடுத்த முறைப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தேன். வட்ஸ்அப் செய்திகளையும் வெட்டிய படத்தையும் அழிக்காமல் வை, மோசடி என்று காட்ட அதுதான் வேணும் என்றார். இரும்புக் கடைக்காரர் குழாயைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார், அது வேறு கதை.

இன்னும் கன விசயம் எழுத இருந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்:

காணி வாங்க முன்னம், கட்ட முன்னம், சபையில் போய் எந்த வலயம் என்று நீங்களே கேளுங்கள். விண்ணப்பத்தை நீங்களே முழுசாக வாசித்துக் கையெழுத்து வையுங்கள், வெறும் தாளில் வைக்காதீர்கள்.

கட்டணம் சபையின் காசாளரிடம், சபையின் பற்றுச்சீட்டுக்கு மட்டும். "கமிட்டிச் செலவு" என்று ஒன்று இல்லை. உத்தியோகத்தர் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

படம் அனுப்பினால் முழுத் தாளைக் கேளுங்கள்.

அந்த மாடிக் கந்தோரில் காசு கொடுத்தவர்கள் இதை வாசித்தால், அல்லது அந்த வவுணதீவு ஐயாவின் பிள்ளைகள் யாராவது வாசித்தால், உள்பெட்டிக்கு வாருங்கள். "ஆலோசனைக் கட்டணம்" என்று எழுதிய ரசீது இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். நான் தனியே போனால் 385,000 ரூபாய்க்குச் சண்டை பிடிக்கிறவன் என்பார்கள். நாலு பேர் அதே மாதிரி ரசீதோடு போனால் பொலிஸும் வேறு மாதிரித்தான் பார்க்க வேண்டி வரும்.