இன்ஸ்பயரா, பிரதமர் இளம் ஆய்வாளர் நிதியா: சம்பளம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள்

பிஎச்.டி. முடித்தவர்கள் அரசு நிதிகளை ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது தொகைதான். மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி.யின் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெல்லோஷிப்பில் ஆய்வுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், 5 ஆண்டுக்கு 35 லட்சம். ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். 2024இல் அறிவித்த பிரதமர் இளம் ஆய்வாளர் நிதியில் 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை. பார்த்ததும் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரியும்.

ஆனால் இன்ஸ்பயரில் இந்த 35 லட்சம் போக, மாதம் 1.25 லட்சம் சம்பளமும் உண்டு. 5 ஆண்டுக்கு அதுவே 75 லட்சம். பிரதமர் நிதியில் உங்களுக்கென்று ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருப்பவருக்குத்தான் அது. அதாவது ஒன்று வேலை தேடுபவருக்கு, மற்றது ஆய்வுக்கூடம் அமைக்கத் தொடங்கியவருக்கு.

அந்த 60 லட்சமும் நினைத்த அளவுக்கு நீளாது. அதிலிருந்து ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாணவருக்கு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000. மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 14 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. ஒரு நல்ல கருவி வாங்கினால் மீதியில் பாதி போய்விடும். ஆனாலும் சோதனை அறிவியலில் இருப்பவருக்கு இதுதான் சரி. இன்ஸ்பயரின் 7 லட்சத்தில் ரசாயனமும் பயணமும் ஓடும், பெரிய கருவி வாங்க முடியாது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல் என்றால் அதுவே தாராளம்.

இன்ஸ்பயரில் எனக்கு உறுத்துவது வேறு. இது ஒப்பந்த வேலை. 5 ஆண்டு முடிந்ததும் அதே நிறுவனத்தில் இடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நீங்கள் அங்கே விருந்தாளி மாதிரிதான். தனி அறை உண்டா, கருவிகளில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், பிஎச்.டி. மாணவரை எடுக்கலாமா என்பதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொன்னது அடுத்த துறைத்தலைவரைக் கட்டுப்படுத்தாது.

யு.சி., அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ், தரும் தொல்லை இரண்டிலும் ஒன்றுதான். மார்ச் 31 முடிந்ததும் கணக்குப் பிரிவின் பின்னால் அலையாவிட்டால் அடுத்த தவணை தள்ளிப்போகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ராமானுஜன் ஃபெல்லோஷிப் இருக்கிறது. மாதம் 1.35 லட்சம், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி, வயது 40க்குள். இந்தியாவில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

வயது 31, கையில் வேலை இல்லை என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், இன்ஸ்பயர்தான். அங்கே பொதுப்பிரிவுக்கு வரம்பு 32, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் தளர்வு உண்டு. பிரதமர் நிதி 42 வரை காத்திருக்கும்.