கல்பாத்தி கடை ஸ்ரீசக்ரத் தகடு: 6 அங்குலம் வாங்கலாம், 3 அங்குலம் வேண்டாம்

பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு பூஜை சாமான் கடையில், அம்பாளை வழிபடும் யந்திரமான ஸ்ரீசக்ரத் தகடு 3, 6 அங்குலம் என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. இரண்டும் செம்பு, ஆசிட்டில் அரித்த கோடு. மாடத்தில் வைத்துக் கும்பிட மட்டும் என்றால் எதை வாங்கினாலும் சரி. நவாவரண பூஜை, அதாவது சக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கும் (சுற்றுகளுக்கும்) வரிசையாக அர்ச்சனை, செய்கிறவர்கள் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் பூபுரம். வெளிச்சதுரத்தின் 3 கோடுகளில்தான் பிரகட யோகினிகள் என்கிற முதல் ஆவரணத் தேவதைகள் 28 பேருக்கும் அர்ச்சனை: சித்திகள் 10, பிராம்மி முதலான மாதாக்கள் 8, முத்ரா சக்திகள் 10. 6 அங்குலத்தில் கோடுகள் தனித்தனியாக நிற்கின்றன, கோட்டுக்குக் கோடு அட்சதை போட இடம் இருக்கிறது. சின்னதில் மூன்றும் ஒட்டி ஒரே பட்டை. குங்குமம் விழுந்துவிட்டால் எது எந்த வரிசை என்றே தெரியாது.

அடுத்து முக்கோணங்கள், வெளியிலிருந்து உள்ளே சுற்றுச் சுற்றாக: 14, 10, 10, 8, நடுவில் 1, ஆக 43. இரண்டிலும் கணக்கு சரி. ஆனால் மூன்று கோடுகள் கூடும் இடம் ஒரே புள்ளியாக விழ வேண்டும்; ஒரு கோடு விலகினால் அங்கே அரிசி நொய் அளவுக்கு ஒரு கள்ள முக்கோணம் முளைத்துவிடும். சின்னத் தகட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் அப்படி இருக்கிறது. பெரியதில் இல்லை.

பெரியதன் குறை, பளபளப்புக்குப் பூசிய லேக்கர். பாலும் தேனும் பட்டு அது உரிய, உரிந்த இடம் மட்டும் கறுத்துத் தகடு திட்டுத்திட்டாகிவிடும். அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு (விளக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்) புளி போட்டுத் தேயுங்கள். கோட்டுக்குள் ஈரம் நின்றால் பச்சைக் களிம்பு ஏறும். அபிஷேகம் முடிந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

மேல், கீழ் என்று தகட்டில் குறி கிடையாது. ஒன்றையொன்று வெட்டி இந்த 43-ஐ உண்டாக்கும் 9 பெரிய முக்கோணங்களில் 5 கீழ்நோக்கியவை, 4 மேல்நோக்கியவை. நடு முக்கோணமும் கீழ்நோக்கியதுதான்; அதன் கீழ்முனை உங்களைப் பார்த்திருக்கும்படி வையுங்கள்.

இனாமாகத் தரும் பூஜைப் புத்தகம் வேண்டாம். சம்பிரதாய யோகினி 4-ஆம் ஆவரணம், குலோத்தீர்ண யோகினி 5-ஆம் ஆவரணம். அந்தப் புத்தகத்தில் இரண்டும் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. ஆவரணத்துக்கு ஒன்றாகத் தீட்சிதர் இயற்றிய நவாவரண கீர்த்தனை பாடுகிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்கள், மற்றவர்கள் அப்படியே படித்துக்கொண்டு போவார்கள்.

லேக்கர் பூசாததே வேண்டும் என்று சொல்லிவைத்தால் ஒரு வாரத்தில் தருகிறார்கள். நவராத்திரி நெருக்கத்தில் போனால் பூசினதுதான் இருக்கும்.