செம்பும் அல்ல, நான்கும் அல்ல: பம்புசெட் கேபிள் வாங்குவோர் கவனத்துக்கு

பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் பம்புசெட் சாமான் வாங்கும் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் தோட்டக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஒரு கடையில் ‘4 சதுர மில்லிமீட்டர் கனம், சுத்தச் செம்பு’ என்று சொல்லி என் பெரியப்பாவுக்கு 100 மீட்டர் கேபிள் விற்றார்கள். அது செம்பும் அல்ல, நான்கும் அல்ல. நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கியதாக யாரும் நினைக்க வேண்டாம். செம்புக்கான விலையைத்தான் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, ‘கேரளாவுக்கு என்றால் வரி கூடும், எஸ்டிமேட்டே போதும்’ என்று துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி விகிதம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கேபிளுக்கு எங்கே வாங்கினாலும் 18 விழுக்காடு.

வீட்டு மீட்டரிலிருந்து தென்னந்தோப்பின் கடைசியில் உள்ள போர்வெல் வரை அந்தக் கேபிளை இழுத்தார்கள். ஒன்றரை குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார். தண்ணீர் மெலிந்தது, கெப்பாசிட்டர் போனது, கடைசியில் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தது. ரீவைண்டிங் செய்து இறக்கினால் மறுபடியும் அதே முனகல். லைன்மேன் வந்து மீட்டரில் வோல்டேஜ் சரியாக இருப்பதாகச் சொல்லிப் போனார்.

கடைக்காரர் அனுப்பிய ஆள் செய்த வித்தையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மீட்டர் பலகையில் மல்டிமீட்டர் வைத்தார், 226. தோப்பைக் கடந்து போர்வெல் பெட்டியில் வைத்தார், அங்கும் 226. “பாருங்கள் ஐயா, கேபிள் ஒரு வோல்ட்கூடத் தின்னவில்லை. உங்கள் கேரளா கரண்டுதான் மோட்டார் போட்டதும் படுத்துவிடுகிறது” என்றார். பெரியப்பா என்ன சொல்வார்? மீட்டர் காட்டுகிறதே.

மோட்டார் ஓடாதபோது கேபிளில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத கம்பியில் வோல்டேஜ் இறங்காது. துருப்பிடித்த வேலிக்கம்பியை இழுத்துவிட்டு அளந்திருந்தாலும் இரண்டு முனையிலும் அந்த 226தான் வந்திருக்கும். அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அடுத்த ஞாயிறு, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஊருக்குப் போனேன். தெரிந்த வயர்மேனை வைத்து, மோட்டார் ஓடும்போதே அளந்தோம். வீட்டில் 224 வோல்ட். போர்வெல் பெட்டியில் 199. மின்னோட்டம் 11 ஆம்பியர். தமிழ் வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெரியப்பாவின் பேத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “தாத்தா, இதைத்தானே எங்களுக்குப் பரீட்சையில் கேட்கிறார்கள்!” என்று கணக்கை அவளே போட்டாள்.

கேபிளில் தொலைந்தது 25 வோல்ட். மின்தடை என்பது வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பது: 25/11, ஏறக்குறைய 2.27 ஓம். போக 100, வர 100 என்று மொத்தம் 200 மீட்டர் கம்பி. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, இந்தியத் தரப்படி கிலோமீட்டருக்கு 4.95 ஓமுக்கு மேல் போகக் கூடாது. ஆக 200 மீட்டருக்கு 1 ஓம்தான் வர வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது!

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன்: 25 x 11 = 275 வாட். அத்தனையும் மண்ணுக்குள் கேபிளைச் சூடாக்கவே போகிறது. நல்ல கேபிளில் அது 121 வாட்டாக இருந்திருக்கும். (மோட்டாருக்கு இப்படி நேராகப் பெருக்கக் கூடாது, அங்கே வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்காததால் பவர் ஃபேக்டர் என்ற கழிவு குறுக்கே வரும். கேபிள் வெறும் மின்தடை என்பதால் கணக்கு நேராக வரும்.) கரண்ட் பில்லில் கூடுவது சில ரூபாய்தான், அது போகட்டும். மோட்டாரைக் கொன்றது அந்த 199. 230 வோல்ட் மோட்டார், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் தாங்கும். அதற்கும் கீழே இறங்கினால் அதே தண்ணீரை இறைக்க அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் கொதிக்கும்.

பிறகு மெயினை அணைத்துவிட்டு ஒரு முனையை வெட்டிப் பார்த்தோம். இழை வெளியே பளபளவென்று செம்பு நிறம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அலுமினியக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த மின்தடைக்குக் கனமும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் அளவுதான் வருகிறது. உறையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய சிஎம்/எல் உரிம எண் இல்லை. எண் இருந்திருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு யாருடைய உரிமம் என்று பார்த்திருக்கலாம்.

எனவே கடையிலேயே முனையை வெட்டி இழையைச் சுரண்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடும்போது இரண்டு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பிக் கேபிளை நேராக அளப்பது இங்கே உதவாது, ஒன்றிரண்டு ஓமில் மீட்டர் வயரின் தடையே கணக்கைக் கெடுத்துவிடும்.

கடை தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. பாலக்காட்டில் கொடுத்திருக்கிறோம். பில் இல்லாவிட்டாலும் பணம் யுபிஐ வழியே கடைக் கணக்குக்குப் போயிருந்தது, அந்தப் பதிவைச் சேர்த்திருக்கிறோம். அலைபேசியில் ஆலோசனை வேண்டுமானால் 1915.

புகார் போன பிறகு கடையிலிருந்து அழைத்தார்கள். புதுச் சுருள் தருகிறார்களாம், பழையதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுக்கவில்லை. உங்களுக்கும் அப்படி அழைப்பு வந்தால், பழைய கேபிளில் உறை எழுத்து தெரியும்படி ஒரு முழமாவது வெட்டி வைத்துக்கொண்டு பேசுங்கள்.