பிரஷ் மார்க்கரில் நிறம் கலக்க: வாட்டர் பிரஷா, ப்ளெண்டரா, பிளாஸ்டிக் உறையா?

ஒரு செம்பருத்தி இதழை எடுத்துக்கொள்வோம். அடியில் கருஞ்சிவப்பு, விளிம்புக்குப் போகப்போக வெளிறிய ரோஜா, நடுவில் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. தண்ணீரில் கரையும் பிரஷ் மார்க்கரில், அதாவது பிரஷ் மாதிரி முனையுள்ள மை பேனாவில், இதைக் கொண்டுவர மூன்று வழிகளில் மாறி மாறி முயன்றிருக்கிறேன்.

முதலில் வாட்டர் பிரஷ், அதாவது கைப்பிடிக் குழாயிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பிரஷ். அடியில் மட்டும் சிவப்பை அழுத்திப் பூசி, ஈரப் பிரஷால் விளிம்பை நோக்கி இழுத்தால் நிறம் தானாகக் கரைந்து ஓடிவரும். பார்க்க அழகுதான், ஆனால் குழாயைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் ஒரு சொட்டு விழுந்து, காய்ந்ததும் அதன் ஓரத்தில் கோடு கட்டிக்கொள்ளும், அதை எடுக்கவே முடியாது. வானம், பின்னணி மாதிரி பெரிய இடத்துக்கு இதுதான் சரி. விரல் நகம் அளவு இதழுக்கு வேண்டாம்.

அடுத்தது நிறமில்லா ப்ளெண்டர் பேனா. டோம்போ கம்பெனி மார்க்கர்களில் என்00 என்ற எண்ணோடு வருவது இதுதான். ஈரம் அளவாக வருவதால் பயமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், பக்கத்து வெளிர் நிறமே இந்த வேலையைச் செய்துவிடும்: முதலில் ரோஜா, அது காயும் முன் அடியில் சிவப்பு, திரும்ப ரோஜாவால் அந்த எல்லையின் மேல் சின்னச் சின்ன வட்டம். ரோஜா முனையில் சிவப்பு ஒட்டிக்கொள்ளும், பதற வேண்டாம், கழிவுத்தாளில் நாலு கிறுக்கு கிறுக்கினால் போய்விடும். ஆகவே இதற்கென்று தனியாக ஒரு பேனா வாங்கச் சொல்லமாட்டேன்.

நான் கடைசியில் வந்து நின்றது பிளாஸ்டிக் உறையில். சிவப்பை உறைமேல் தேய்த்து, வெளிர் மார்க்கரின் முனையால் அந்த மையைத் தொட்டு எடுத்து, இதழின் அடியிலிருந்து மேலே இழுக்கவேண்டும். முனையில் ஏறிய சிவப்பு தீரத்தீர ரோஜா வெளியே வரும், ஒரே இழுப்பில் இரண்டு நிறமும் விழுந்துவிடும். ஐந்து இதழுக்கு ஐந்து தடவை தொடவேண்டும், அலுப்புதான். ஆனாலும் சின்ன இடத்தில் இந்த மென்மை மற்ற இரண்டிலும் எனக்கு வந்ததில்லை.

எந்த வழியானாலும் சாதாரண டிராயிங் நோட்டில் பண்ணாதீர்கள். மூன்றாவது தேய்ப்பிலேயே தாள் திரித்திரியாக உருண்டு வரும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாள், அதிலும் வழவழப்பானது, முனைக்கும் நல்லது. அப்புறம், மார்க்கரின் மை என்ன வகை என்று பார்த்து வாங்குங்கள். ஃபேபர்-காஸ்டல் பிட் பேனாவில் இருப்பது இந்தியா இங்க், காய்ந்தபின் தண்ணீர் விட்டாலும் அசையாது. கரையும் சாய மையில் வேறு தொல்லை, வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் வரைந்ததை ஸ்கேன் பண்ணிவிட்டுத்தான் சுவரில் மாட்டுகிறேன்.