படகில் மீன்பிடிக்கப் போகும்போது காலில் என்ன போடுவது: ஊர்ப் பயண அனுபவம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் படகெடுத்துப் போய்த் தூண்டில் போடுவது இப்போது எளிதாகிவிட்டது. போனில் பேசினால் போதும். படகு, தூண்டில், இரை, உயிர்காப்பு அங்கி எல்லாம் படகுக்காரர்களே தயாராக வைத்திருக்கிறார்கள். இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சேவையில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. காலில் என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று யாருமே சொல்வதில்லை. நானாகக் கேட்டபோது ஓரிடத்தில், "செருப்பே போதும் தம்பி, எதுக்கு ஷூ?" என்றார்கள். முதன்முறையாகப் படகேறுகிறவருக்கு அந்தப் பதில் ஆபத்தானது.

படகுத் தளம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கடல்நீரோடு மீனின் வழுவழுப்பும், சில நேரம் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். படகு ஆடும்போது உடம்பு தன்னைச் சமாளிப்பது பாதத்தால்தான். ரப்பர் செருப்பில் குதிகாலைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஈரம் பட்டதும் பாதமே செருப்புக்குள் வழுக்கும். வெறுங்காலோடு நிற்கும் மீனவர்களைக் காட்டி, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது வாழ்நாள் பழக்கம். அவர்களுக்கும் தூண்டில் முள் ஏறுகிறது, கெளுத்தி முள் குத்துகிறது.

நாங்கள் போன படகின் அண்ணன் விவரமானவர். என் விளையாட்டு ஷூவைக் கையில் வாங்கி, அடிப்பகுதியை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். வளையவே இல்லை. பிறகு தன் காலணியைக் கழற்றி அதே மாதிரி வளைத்தார். தட்டையாகத் தெரிந்த ரப்பரில் மெல்லிய கீறல்கள் வரிவரியாகத் திறந்தன. "தண்ணி இதுக்குள்ள போயிடும், ரப்பர் தரையப் புடிச்சுக்கும்" என்றார். விஷயமே இதுதான். ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்ற ஷூ மண்ணுக்கும் கல்லுக்கும் நல்லது. வழவழப்பான தளத்தில் அதன் மேடுகள் மட்டுமே தரையைத் தொடும், பிடிப்பு குறையும். படகுக்கு வேண்டியது தட்டையான, மென்மையான, நுண்கீறல் போட்ட அடிப்பகுதி. 1935இல் அமெரிக்காவில் பால் ஸ்பெர்ரி என்பவர், தன் நாய் பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு அதன் பாதத்தைப் பார்த்து உருவாக்கியதுதான் இந்த வகைப் படகுக் காலணி. அடிப்பகுதி தளத்தில் கறை விடாத ரகமாக இருக்கட்டும். கறுப்பு ரப்பர் சிலது வெள்ளைத் தளத்தில் கோடு போட்டுவிடும், படகுக்காரருக்கு அது பிடிக்காது. ஏறும் முன் அடியில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவதும் ஒரு மரியாதை.

கடையில் வாங்கும்போது அளவு மட்டும்தான் கேட்கிறார்கள். எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பதில்லை. ஆனால் வளைத்துப் பார்க்கவும், ஈரத் துணியால் துடைத்த டைல்ஸில் நின்று பார்க்கவும் மறுப்பேதும் சொல்லவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும், ஆனால் குதிகால் தூக்கக் கூடாது. முன்பக்கம் மூடியிருப்பது அவசியம். உள்ளே வந்த தண்ணீர் உடனே வடிய வழியும் வேண்டும்.

துளை போட்ட கிளாக்ஸ் (முன்பக்கம் மூடி, குதிகால் திறந்த காலணி) வகையைப் பலர் கேட்கிறார்கள். குரோக்ஸ் நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்தியதே படகுக்கான காலணியாகத்தான். லேசானது, சீக்கிரம் காயும், குதிகால் பட்டையைப் பின்னால் இழுத்துப் போட்டால் ஓரளவு நிற்கும். ஆனால் மேலேயுள்ள துளைகள் வழியே தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் தாராளமாக உள்ளே வரும். அமைதியான நீரில் உட்கார்ந்தே பிடிப்பவருக்குச் சரி. நின்று வீசி இழுப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். வலைத்துணி ஷூவும் அப்படித்தான். அதன் கயிறுகளில் தூண்டில் சிக்கும், ஒட்டும் பட்டை வைத்தது மேல்.

மழைக்கும் குளிருக்கும் கம்பூட்ஸ் நல்லது. தண்ணீரில் விழுந்தால் பூட்ஸ் ஆளை அடியில் இழுத்துவிடும் என்ற பயம் மிகையானது. பூட்ஸுக்குள் புகுந்த நீருக்கு, நீருக்குள் இருக்கும்வரை எடை தெரியாது. நீந்துவதும், படகில் திரும்ப ஏறுவதும்தான் கடினம். அதனால் காலை உதறினாலே கழன்று வரும் அளவில் வாங்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்வு குறைவு. இப்படிப்பட்டவர்களை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து கூடுதல் கவனம் எடுங்கள். வெயிலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் வரும், அவர்களுக்குச் சுடுவதே தெரியாமல் போகலாம். உட்புறத்தில் உறுத்தும் தையல் இல்லாத, முன்பக்கம் அகலமான காலணி வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலை ஊற வைக்கும். செயற்கை நூலோ கம்பளியோ மேல். போடும் முன் காலணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தோம். கரைக்கு வந்ததும் விரலிடுக்கு வரை துடைத்து, கீறல் ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தோம். மூடிய காலணி புறங்காலை வெயிலிலிருந்தும் காப்பாற்றுகிறது. சன்ஸ்கிரீனைப் படகுக்குள் வைத்துப் பூசினால் தளமும் வழுக்கும்.

மூடிய காலணி போட்டும் முள் குத்தலாம். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால், சூடு தாங்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், காலை வைத்தால் வலி குறையும். சூட்டை முதலில் வேறொருவர் கையால் சோதிக்க வேண்டும். உணர்வு குறைந்த காலுக்கு இது இரட்டிப்பு அவசியம். முள் உள்ளே உடைந்திருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. போன விடுமுறையில் பரணில் வைத்துவிட்டுப் போன ஷூவை நம்பாதீர்கள். நடுவில் பாலியூரித்தேன் நுரை வைத்த காலணிகள், போடாமல் சும்மா கிடந்தாலே காற்றிலுள்ள ஈரத்தால் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், நடந்ததும் அடிப்பகுதி பொடிந்து கழன்றுவிடும். படகின் நடுவே அது நேர்ந்தால் மாற்று கிடையாது. நுரை பொடிந்ததை யாராலும் சரிசெய்ய முடியாது. பசை மட்டும் விட்டிருந்தால் சரிசெய்யலாம். அப்பாவின் காலணியைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தோம். பழைய பசையை முழுதாகச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டி, அதற்கும் மேல் நைலான் நூலால் சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். பயணம் முழுக்க ஒரு தையலும் விடவில்லை. உப்புத் தண்ணீரில் போட்டதை அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தச் சொன்னதும் அவர்தான்.