ஐடி வாங்கப் போகிற தம்பிமாருக்கு: ஆறாம் நாள் பறிபோன 32,000 ரூபாய்

என் தம்பிக்கு நடந்ததை அவனுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். கேம் ஐடி, அதாவது ஒருவர் விளையாடி வளர்த்த கேம் கணக்கு, வாங்கி விற்கிற பேஸ்புக் குழுக்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் கொழும்புப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

தம்பி ஓ.எல். எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை புறக்கோட்டையில் மாமாவின் புடவைக்கடையில் வேலைக்கு நின்றான். காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். துணிக்கட்டுத் தூக்கித் தூக்கி வலது தோள் கன்றிப்போயிருந்தது. சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியைச் சேர்த்து வைத்தான். அந்தக் காசுதான் போனது.

விற்றவன் அவசரப்படுத்தவே இல்லை. தம்பி அவனை நம்பியதற்கு அதுதான் முதல் காரணம். "யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, வேற ஆக்கள் கேட்டாலும் உங்களுக்குத்தான் வெச்சிருக்கிறன்" என்று வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். அப்புறம் வீடியோ கோலில் ஐடியைத் திறந்து, துப்பாக்கி ஸ்கின்களை (கேமில் துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றங்களை) ஒவ்வொன்றாகக் காட்டினான். மூன்று வருடம் விளையாடிச் சேர்த்ததாம், வெளிநாடு போகிறதால் விற்கிறானாம். பம்பலப்பிட்டியில் நேரில் சந்திக்கலாமா என்று தம்பி கேட்டபோது நீர்கொழும்பில் நிற்பதாகச் சொல்லிவிட்டான். இடையில் ஒரு 'அட்மின்'. இரண்டு பக்கத்துக்கும் தான் பொறுப்பு என்று 1,500 ரூபாய் கொமிஷன் வாங்கினான். மீதி 30,500 ரூபாயும் ஒரு பெண்ணின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்குப் போனது. "அம்மாட எக்கவுண்ட்" என்றானாம். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன்.

காசு போன பத்து நிமிடத்தில் ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் வந்துவிட்டன. தம்பி விவரமில்லாத பிள்ளை இல்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றினான், கணக்கைத் திரும்ப எடுக்க உதவும் ரிக்கவரி நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டான். இனி இது என்னுடையது என்று நிம்மதியாகப் படுத்தான். ஆறாம் நாள் வியாழக்கிழமை இரவு, விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றது. வேறொரு போனில் லொகின் ஆகியிருக்கிறது என்று ஒரு வரி. திரும்பப் பாஸ்வேர்டைப் போட்டால் பிழை. குசினிக்குள் வந்து நின்று, "அக்கா, ஐடி போயிட்டுது" என்றான். அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்று இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். ஜிமெயிலில் ரிக்கவரி போன் நம்பரையோ ரிக்கவரி மெயிலையோ மாற்றினாலும், அடுத்த 7 நாட்களுக்குப் பழைய நம்பருக்கே உறுதிப்படுத்தும் கோட்டை அனுப்பும் வாய்ப்பை கூகிள் தரலாம். கணக்கைக் கள்ளனிடம் பறிகொடுத்த சொந்தக்காரன் திரும்ப எடுக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. இங்கே கள்ளன் அதைப் பாவித்தான். அது மட்டுமில்லை, பேக்கப் கோட் என்று 8 இலக்க எண்கள் பத்து இருக்கின்றன. புதிதாக எடுக்கும்வரை பழையவை வேலை செய்யும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அதுவும் அவனுக்குக் கைகொடுக்கலாம். வேறு சிலர் முதன்முதலில் டொப்-அப் செய்த, அதாவது கேமுக்குள் காசு போட்ட, ரசீதைக் காட்டி கேம் நிறுவனத்துக்கே எழுதி ஐடியைத் திரும்ப எடுக்கிறார்கள். வீட்டை வித்தவன் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். ஐடி விற்கிறவன் சாவியின் நகலைக் கொடுக்கிறான், சாவி அவனிடமே இருக்கிறது.

அட்மினிடம் கேட்டோம். "கேரண்டி 24 மணித்தியாலம்தான், குரூப் ரூல்ஸ்ல இருக்கு" என்றான். அடுத்த நாள் தம்பியை குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் காசு போன கதை. எனக்கு அதைவிட நெஞ்சில் தங்கியிருப்பது மூன்றாம் நாள் நடந்தது.

அன்றைக்கு கேமுக்குள்ளேயே, அந்த ஐடியின் நண்பர் பட்டியலில் இருந்த ஒருவன் மெசேஜ் போட்டிருக்கிறான்: "மச்சான், ஐடி திரும்பக் கிடைச்சிட்டா? ஏன் சொல்லேல்ல?" தம்பி பதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன். அப்படித்தான் அந்த ஐடி கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு பையனுடையது என்று தெரிந்தது. இலவச ஸ்கின் தருகிறோம் என்று வந்த ஒரு லிங்கை அழுத்தி, போலியான பேஸ்புக் லொகின் பக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். பல கேம்களில் ஒரே ஐடியோடு ஒன்றுக்கு மேற்பட்ட லொகின்களை இணைக்கலாம். கள்ளன் தான் உண்டாக்கிய ஒரு ஜிமெயிலை இணைத்துவிட்டு, பையனின் பேஸ்புக்கைக் கழற்றிவிட்டான். அந்த ஜிமெயிலைத்தான் தம்பி காசு கொடுத்து வாங்கினான்.

தெரிந்த பிறகும் தம்பி மூன்று நாள் விளையாடினான். "நான் காசு குடுத்தனே அக்கா" என்றான். அவன் தோளைப் பார்த்தால் எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் சொன்னேன்: புறக்கோட்டையில் உன் போனை ஒருவன் களவெடுத்து இன்னொருவனுக்கு விற்று, அவனும் நான் காசு கொடுத்தேனே என்று உன் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீ என்ன சொல்லுவாய் என்று. அவன் கனநேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே அந்தக் கொட்டாஞ்சேனைப் பையனைத் தேடிப்பிடித்து மெசேஜ் போட்டான்.

இதைச் சொன்னபோது அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற ஓர் இளைஞர் வாதாடினார். களவெடுத்து விற்பது பிழை, ஆனால் சொந்தமாக விளையாடி வளர்த்த ஐடியை விற்பதில் என்ன பிழை, உழைப்புக்குக் காசு கேட்பது நியாயம்தானே என்றார். நியாயமான கேள்வி, யோசித்துப் பார்த்தேன். டயப்லோ 3 என்ற விளையாட்டில் நிறுவனமே உண்மைக் காசுக்கு ஏலக்கடை நடத்தியது. 2012-ல் தொடங்கி 2014 மார்ச்சில் தானே மூடியது. விளையாடிப் பொருள் சேர்க்கிற சுவையையே அது கெடுக்கிறது என்று மூடினார்கள். அங்கேகூட கைமாறியது வாள், கவசம் போன்ற விளையாட்டுக்குள் இருக்கிற பொருட்கள்தான், ஆளுடைய கணக்கு இல்லை. பப்ஜி, ஃபிரீ ஃபயர், கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் எல்லாவற்றிலும் கணக்கை விற்கக்கூடாது என்பது விதி. ஐடி நமக்குச் சொந்தமில்லை, விளையாடும் அனுமதி மட்டும்தான் நமக்கு. ஆகவே நேர்மையான ஆள் விற்றாலும், வாங்கினவன் எந்த நேரமும் தடைசெய்யப்படக்கூடிய ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கிறான். பிரச்சினை வந்தால் நிறுவனத்திடம் போய் முறையிட அவனுக்கு வாயில்லை. நாங்கள் கேம் நிறுவனத்துக்கு எழுதியபோது எங்களுக்கு வந்த பதிலும் அதுதான். அந்த வாயில்லாத நிலையை நம்பித்தான் இந்தக் கள்ளர்கள் பிழைக்கிறார்கள். நல்லவன் ஒருவன் அதே குழுவில் விற்கும்போது, கள்ளனும் அவனைப் போலவே தெரிகிறான். உழைத்த பிள்ளைக்கு இது கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனாலும் என் மனதுக்கு விற்பது சரியென்று படவில்லை.

வங்கியில் கேட்டோம். நாங்களாகவே அனுப்பிய காசை, பெற்றவரின் சம்மதமில்லாமல் எடுத்துத் தர முடியாது என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அப்பாவுக்கு முதலில் விருப்பமில்லை, "கேமுக்குப் போய் பொலிஸா" என்றார். ஆனால் அடுத்தவன் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007-ன் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். கொட்டாஞ்சேனைப் பையனின் அம்மாவும் வந்து சொன்ன பிறகு அப்பா தானே முன்னுக்கு வந்தார். கணக்குகள் களவு போனால், இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம். சாட்டையும் வொய்ஸ் மெசேஜ்களையும் வங்கி ரசீதையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் தம்பி அழித்ததில் பாதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பையனிடம் பழைய டொப்-அப் ரசீதுகள் இருக்கின்றன. அவற்றையும், தம்பியிடம் மிஞ்சியிருந்த ஸ்கிரீன்ஷொட்களையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறான். பதிலுக்காக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று இரவு இன்னொரு குழுவில் அதே வீடியோ, அதே ஸ்கின் வரிசை. விலை இப்போது 28,000. வெளிநாடு போகிறதால் விற்பனையாம். யாராவது இப்போது ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால், அவர் நீர்கொழும்பில் நிற்பதாகவும் அம்மாவின் எக்கவுண்டுக்குக் காசு போடும்படியும் சொன்னால், அனுப்ப வேண்டாம். அந்த ஐடி கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு பிள்ளையுடையது.